முதுகுத்தண்டின் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது, இடுப்பு ஏன் வலிக்கிறது?

இடுப்பு வலி என்று போன ஒருவர் எம்ஆர்ஐ ஸ்கேன் அறிக்கையோடு வீடு திரும்புகிறார். எல்4-எல்5இல் டிஸ்க் பல்ஜ் (அதாவது புடைப்பு), எல்5-எஸ்1இல் தேய்மானம், நீர்ச்சத்துக் குறைவு என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து அவர் குனிவதில்லை, குழந்தையைத் தூக்குவதில்லை, தும்மல் வந்தால்கூட பயப்படுகிறார். நாளடைவில் அந்தப் பயம் வலியைவிடப் பெரிய தொல்லையாகிவிடுகிறது. டிஸ்க் எதனால் ஆனது, அது எப்படி உயிரோடு இருக்கிறது என்று புரிந்துகொண்டால், அந்த அறிக்கையில் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதுகுத்தண்டில் தனித்தனியாக அசையும் எலும்புகள் 24. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, கீழ் முதுகில் 5. இந்தக் கடைசி ஐந்தைத்தான் எல்1 முதல் எல்5 வரை எண் போட்டு எழுதுகிறார்கள். அதற்குக் கீழே ஐந்து எலும்புகள் ஒன்றாக ஒட்டி, இடுப்புக் கூட்டின் பின்சுவராக நிற்கின்றன. அதில் மேலே இருப்பது எஸ்1. அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருப்பதுதான் டிஸ்க். மொத்தம் 23. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் மட்டும் டிஸ்க் கிடையாது. தலையை இரு பக்கமும் திருப்புவதற்காக அங்கே வேறு விதமான மூட்டு இருக்கிறது. முதுகுத்தண்டின் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்த டிஸ்க்குகளால் வருவது. கீழ் முதுகில் உள்ளவைதான் பெரியவை: அகலம் சுமார் 4 செ.மீ., தடிமன் 1 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு.

உள்ளே என்ன இருக்கிறது?

டிஸ்க்கின் நடுவில் கெட்டியான, வழவழப்பான ஒரு கூழ். அதைச் சுற்றி நார்களால் ஆன வளையம். மேலும் கீழும் எலும்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட வராத குருத்தெலும்புத் தகடுகள். அவ்வளவுதான் பாகங்கள். ஆனால் அவை சேர்ந்து வேலை செய்யும் விதம் அபாரமானது.

வளையத்தில் 15 முதல் 25 அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் கொலாஜன் நார்கள் சாய்வாக ஓடுகின்றன. ஒரு அடுக்கில் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கில் இடப்பக்கம். இப்படி மாறி மாறிச் சாய்ந்திருப்பதால், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதி அடுக்குகள் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. இந்த நார்களின் முனைகள் மேலும் கீழும் உள்ள எலும்புகளுக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. அதனால் டிஸ்க் இடத்தைவிட்டு நழுவாது. ஜவ்வு விலகிவிட்டது, அதைத் தட்டி உள்ளே தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிஸ்க் வீங்கலாம், கிழியலாம், உள்ளிருக்கும் கூழ் வெளியே வரலாம். முழு டிஸ்க்கும் நகர்ந்து போவது என்பது நடக்கிற விஷயம் இல்லை.

நடுவில் உள்ள கூழில் இளம் வயதில் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு. அதன் மேல் எதிர்மின்னேற்றம் நிறைய இருப்பதால் சோடியம் அயனிகளை இழுக்கிறது. சோடியத்தின் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. இதனால் கூழ் எப்போதும் உப்பிப் பெருகப் பார்க்கும், வளையம் அதை விடாமல் பிடித்து வைத்திருக்கும். உடலின் எடை மேலிருந்து அழுத்தும்போது கூழ் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுகிறது, வளையத்தின் நார்கள் இழுபட்டு அதைத் தாங்குகின்றன. அழுத்த விசை இழு விசையாக மாறிவிடுகிறது. கொலாஜனுக்கு அழுத்தத்தைத் தாங்கும் திறன் குறைவு, இழுப்பைத் தாங்கும் திறன் மிக அதிகம். அதனால்தான் இந்த ஏற்பாடு இவ்வளவு சுமையைத் தாங்குகிறது.

எவ்வளவு சுமை என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1960களில் சுவீடனில் ஆல்ஃப் நாகெம்சன் டிஸ்க்குக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். 1999இல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோஆகிம் வில்கெயும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஒரு தன்னார்வலரின் எல்4-எல்5 டிஸ்க்கில் சின்ன உணர்கருவியை வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. சாய்மானம் இல்லாமல் தளர்ந்து உட்கார்ந்தால் 0.46. நாற்காலியில் நன்றாகச் சரிந்து உட்கார்ந்தால் 0.27. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கும்போது 2.3. அதே எடையை முட்டியை மடக்கித் தூக்கினால் 1.7. உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் 1.1. கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 0.2 மெகாபாஸ்கல் என்பதை வைத்து இவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். டயரைப் போலப் பத்து மடங்கு அழுத்தத்தை ஒரு நல்ல டிஸ்க் சாதாரணமாகச் சந்தித்துவிட்டு மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

இது ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு. நாகெம்சனின் அளவுகளில் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுதலாக வந்தது, வில்கெயிடம் அப்படி வரவில்லை. ஆனால் தூக்கும்போது பொருள் உடம்பைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுமை ஏறும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. முதுகுத் தசைகள் முதுகுத்தண்டிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. கையை நீட்டிப் பிடித்த பொருளின் எடையைச் சமன்செய்ய அவை பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பு அத்தனையும் டிஸ்க்கின் மேல்தான் இறங்குகிறது.

காலையில் உயரம், மாலையில் குட்டை

நாள் முழுக்க நின்றும் நடந்தும் உட்கார்ந்தும் இருக்கையில் டிஸ்க்கிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லப் பிழியப்படுகிறது. இரவில் படுத்ததும் சுமை குறைந்து, தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது. வில்கெயின் அளவீட்டில் ஏழு மணி நேரத் தூக்கத்தில் அழுத்தம் 0.1இலிருந்து 0.24 ஆக ஏறியது இதனால்தான். ஒருவர் இரவு படுக்கப் போகும்போது காலையில் இருந்ததைவிட ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை குட்டையாக இருப்பார். அந்தக் குறைவில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. விண்வெளியில் எடை அழுத்தாததால் விண்வெளி வீரர்கள் 3 சதவீதம் வரை உயரமாகிறார்கள். பலருக்கு அங்கே போன முதல் சில நாட்கள் முதுகு வலியும் வருகிறது. சுமையே இல்லாமல் இருப்பதும் முதுகுக்கு நல்லதில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

காலையில் எழுந்தவுடன் முதுகு விறைப்பாக இருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். அப்போது டிஸ்க் முழுதாக உப்பியிருக்கும். குனிந்தால் வளையமும் தசைநார்களும் வழக்கத்தைவிட அதிகமாக இழுபடும். ஸ்டோவர் ஸ்நூக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட நாள் இடுப்பு வலி உள்ளவர்களைக் காலையில் முதல் இரண்டு மணி நேரம் முடிந்தவரை குனியாமல் இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய வலி நாட்கள் குறைந்தன. மாத்திரையும் இல்லை, செலவும் இல்லை. காலையில் இடுப்பு பிடித்துக்கொள்கிறவர்கள் தாராளமாக முயன்று பார்க்கலாம்.

தண்ணீர் இப்படி உள்ளே வெளியே போய்வருவது சுமை தாங்குவதற்கு மட்டும் இல்லை. வயது வந்தவர்களின் உடம்பில் ரத்தக் குழாயே இல்லாத உறுப்புகளில் மிகப் பெரியது டிஸ்க்தான். வளையத்தின் வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ரத்த ஓட்டம் உண்டு. உள்ளே இருக்கும் செல்களுக்கு குளுக்கோஸும் ஆக்சிஜனும் பக்கத்து எலும்பிலிருந்து அந்த மெல்லிய குருத்தெலும்புத் தகடு வழியாக ஊறித்தான் வர வேண்டும். டிஸ்க்கின் கன அளவில் செல்கள் வெறும் 1 சதவீதம் அளவுக்குத்தான். அவை ஆக்சிஜன் குறைந்த, அமிலத்தன்மை கூடிய சூழலில் வாழ்ந்து, அந்தப் பெரிய அக்ரிகான் மூலக்கூறுகளை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. டிஸ்க் சேதமானால் ஆறுவது இவ்வளவு மெதுவாக இருப்பதற்கு இந்தப் பற்றாக்குறைதான் அடிப்படை. புகைப்பிடித்தல் டிஸ்க்கைப் பாதிப்பதும் இதே வழியில்தான். ஏற்கெனவே சிக்கனமாக வரும் வரத்தை அது மேலும் குறைத்துவிடுகிறது.

அப்படியென்றால் டிஸ்க்குக்கு அசைவு தேவையா? நிச்சயமாகத் தேவை. 2017இல் ஆஸ்திரேலியாவில் டேனியல் பெலவியின் குழு, பல ஆண்டுகளாக நீண்ட தூரம் ஓடுகிறவர்களின் டிஸ்க்குகளையும் உடற்பயிற்சி இல்லாதவர்களின் டிஸ்க்குகளையும் ஸ்கேனில் ஒப்பிட்டது. ஓடுகிறவர்களின் டிஸ்க்கில் தண்ணீர் அதிகமாக இருந்தது. ஓட்டம் முதுகைத் தேய்த்துவிடும் என்று பயந்துகொண்டிருந்த பலருக்கு இது நல்ல செய்தி. வேகமான நடையும் மெதுவான ஓட்டமும் டிஸ்க்குக்கு ஏற்ற அளவு சுமை என்று அந்த ஆய்வு காட்டியது.

தேய்மானம் என்றால் வலி என்று அர்த்தமா?

வயது ஏற ஏற அக்ரிகான் உடைந்து குறைகிறது, கூழ் நீரை இழக்கிறது, வளையத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் விழுகின்றன, டிஸ்க் உயரம் குறைகிறது. இது இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது. யாருக்கு வேகமாக நடக்கிறது என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஃபின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வுகளில், ஒருவர் கடுமையான உடல் உழைப்பும் மற்றவர் உட்கார்ந்த வேலையும் செய்திருந்தால்கூட இருவரின் டிஸ்க்குகளும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. வேலையின் பாரத்துக்குப் பங்கே இல்லை என்பதில்லை. நினைத்ததைவிட அது சிறியது.

2015இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் 80 சதவீதம். எண்பது வயதில் 96 சதவீதம். பல்ஜ் இருபது வயதில் 30 சதவீதம், எண்பதில் 84. திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. தோலில் சுருக்கம் விழுவது எவ்வளவு சாதாரணமோ இதுவும் அவ்வளவு சாதாரணம். எனவே ஸ்கேனில் பல்ஜ் தெரிகிறது என்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. சாதாரண இடுப்பு வலிக்கு முதல் சில வாரங்களில் ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்வதற்கு இதுவே காரணம். அந்தப் படம் சிகிச்சையை மாற்றாது, நோயாளியின் மனதை மட்டும் மாற்றிவிடும்.

சரி, அப்படியானால் வலி எங்கிருந்துதான் வருகிறது?

முதுகில் வலியை உணரும் நரம்புகள் எங்கே இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆரோக்கியமான டிஸ்க்கின் நடுவில் நரம்பே கிடையாது. வளையத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில்தான் உண்டு. அதோடு தசைகள், தசைநார்கள், முதுகெலும்பின் பின்பக்கம் இருக்கும் சிறு மூட்டுகள், இடுப்பெலும்பு முதுகுத்தண்டோடு சேரும் மூட்டு, எலும்பின் மேலுறை, நரம்பு வேர்கள் எல்லாமே வலியை அனுப்பக்கூடியவை. எல்லாம் சில சென்டிமீட்டருக்குள் நெருக்கமாக இருக்கின்றன. மூளைக்கு அவற்றைத் துல்லியமாகப் பிரித்து அறியும் திறன் இல்லை. இடுப்பு வலியோடு வருபவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு எந்தத் திசுவிலிருந்து வலி வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை என்பதன் பின்னணி இதுதான். இது மருத்துவருடைய கவனக்குறைவு இல்லை. அந்த 90 சதவீதத்தில் பெரும்பாலோர் சில வாரங்களில் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

1991இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. டிஸ்க் அறுவை சிகிச்சைக்கு வந்த 193 பேருக்கு முழு மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அறுவையின் போதே ஒவ்வொரு திசுவாகத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். வளையத்தின் வெளிப் பகுதியைத் தொட்டபோது பலருக்கு அவர்களுடைய வழக்கமான இடுப்பு வலி அப்படியே வந்தது. காலுக்கு இறங்கும் வலி வந்தது ஒரே ஓர் இடத்தைத் தொட்டபோதுதான்: வீங்கி, இழுபட்டு, நசுங்கியிருந்த நரம்பு வேரை. நல்ல நிலையில் உள்ள நரம்பு வேரைத் தொட்டால் வலிக்கவில்லை. இடுப்பு வலியும் கால் வலியும் ஒன்றாகவே வந்தாலும் அவற்றின் மூலங்கள் வேறு என்பது இதனால் தெளிவானது.

கூழ் வெளியே வரும்போது

காலுக்கு இறங்கும் அந்த வலிதான் சயாட்டிகா. டிஸ்க்கின் வளையம் பின்பக்கத்தில் ஒல்லியாக இருக்கும். நடுவில் ஒரு நீண்ட தசைநார் அதைத் தாங்கிப் பிடிக்கிறது, ஓரங்களில் அந்தத் தாங்கல் குறைவு. கிழிசல் விழுந்து கூழ் வெளியே வந்தால் பெரும்பாலும் இந்த ஓரத்தின் வழியாகத்தான். நரம்பு வேர் கீழிறங்கிப் போகும் பாதையும் அங்கேயேதான் இருக்கிறது. கீழ் முதுகில் இது நடப்பது பெரும்பாலும் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற கடைசி இரண்டு டிஸ்க்குகளில். அதிகம் வளைவதும் அதிகம் சுமப்பதும் அவைதான். முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் இது கூடுதலாக வருகிறது. ரொம்ப வயதானவர்களின் டிஸ்க்கில் வெளியே தள்ளுவதற்கு அவ்வளவு ஈரமான கூழ் மிச்சம் இருப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு வெகுகாலம் பிடித்தது. அறுவையில் கிடைத்த அந்தத் துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இருவர் அவை உண்மையில் கிழிந்த டிஸ்க்கின் பகுதிகள் என்று காட்டி, 1934இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பிறகு நரம்பை டிஸ்க் நசுக்குகிறது என்ற எண்ணம் பரவியது. அது உண்மையில் பாதிதான். 1990களில் பன்றிகளிடம் செய்த சோதனைகளில், நடுக்கூழைக் கொஞ்சம் எடுத்து எந்த அழுத்தமும் தராமல் நரம்பு வேரின் மேல் வைத்தார்கள். அதுவே நரம்பின் செயலைக் கெடுத்துவிட்டது. பிறந்ததிலிருந்து ரத்தத்தோடு தொடர்பே இல்லாமல் மூடிக் கிடந்த பொருள் அது. வெளியே வந்ததும் உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து அழற்சியைக் கிளப்புகிறது. சின்னத் துண்டு பெரிய வலியைத் தருவதும், பெரிய துண்டு சத்தமே இல்லாமல் கிடப்பதும் இதனால்தான்.

அந்த அழற்சியிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது. வெளியே வந்த துண்டை நோய் எதிர்ப்புச் செல்கள் சூழ்ந்து தின்று கரைக்கின்றன. முழுதாகப் பிய்ந்து விழுந்த துண்டுகளில் 96 சதவீதம் சுருங்கியதாக 2015இல் வந்த தொகுப்பு ஆய்வு ஒன்று காட்டியது. வளையத்தைத் தாண்டி வெளியே வந்தும் ஒட்டிக்கொண்டிருந்தவற்றில் 70 சதவீதம். வெறும் பல்ஜ் என்றால் 13 சதவீதம்தான். ஸ்கேனில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் தானாகக் கரைய அதிக வாய்ப்புள்ளது. நோயாளிக்கு இதை எடுத்துச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்று நினைக்கிறேன்.

எந்த நரம்பு என்பதைக் கால் காட்டிக்கொடுக்கும். கெண்டைக்காலின் வெளிப்பக்கம், புறங்கால், கட்டைவிரல் வரை வலியோ மரமரப்போ இறங்கினால் எல்5. குதிகால், பாதத்தின் வெளி விளிம்பு, சுண்டுவிரல் என்றால் எஸ்1. மருத்துவர் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து முட்டியை மடக்காமல் காலை உயர்த்திப் பார்ப்பதும், குதிகாலில் நடக்கச் சொல்வதும் இதைக் கண்டறியத்தான். முட்டிக்குக் கீழே இறங்காமல் இடுப்பிலும் பிட்டத்திலும் தொடையின் பின்பக்கத்திலும் நிற்கிற வலி பெரும்பாலும் நரம்பு வேரிலிருந்து வருவதில்லை.

டிஸ்க்கைத் தாண்டியும் காரணங்கள் உண்டு. அறுபது வயதைத் தாண்டியவருக்கு நடக்க நடக்கக் கால் கனத்து வலித்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ சரியாகிவிடுகிறது என்றால், முதுகுத்தண்டின் கால்வாய் குறுகியிருக்கலாம். நாற்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்கி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு நீடித்து, ஓய்வில் கூடி, அசைந்தால் குறைகிற வலி முதுகுத்தண்டின் அழற்சி நோயாக இருக்கலாம். இதைச் சாதாரண வலி என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய, ஆனால் இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. எலும்பு பலவீனமான முதியவர்களுக்குச் சாதாரணமாகத் தும்மியதிலேயே முள்ளெலும்பு நொறுங்குவது உண்டு. சிறுநீரகக் கல், கணையம், கர்ப்பப்பை, வயிற்றுப் பெருந்தமனி ஆகியவற்றின் கோளாறும் முதுகு வலியாக வரும்.

வலி ஏன் நிலைத்துப்போகிறது?

2020இல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர்களை அன்றாட வேலைகளிலிருந்து முடக்கிப் போடும் நோய்களில் இதுதான் முதலிடம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் போய்விடுகிற வலி ஒரு சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் நிற்கிறது. கிழிந்த டிஸ்க்குக்குள் நரம்பு இழைகள் புதிதாக முளைத்து, வழக்கமாக நரம்பே இல்லாத நடுப் பகுதி வரை போவதை 1997இல் பிரிட்டனில் ஒரு குழு கண்டறிந்தது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வலி நீண்ட நாள் ஓடினால் தண்டுவடமும் மூளையும் அந்தச் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டப் பழகிக்கொள்கின்றன. திசு ஆறிய பிறகும் சின்ன அசைவுக்கே பெரிய வலி வரும். தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலை போய்விடுமோ என்ற கவலை, அசைந்தால் உடைந்துவிடும் என்ற பயம் ஆகியவை இதைத் தூண்டிவிடுகின்றன. வலி கற்பனை என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலி முழுக்க முழுக்க உண்மை.

படுத்தே கிடப்பதால் முதுகு ஆறாது. 1986இல் அமெரிக்காவில் இடுப்பு வலிக்காரர்களில் ஒரு பாதிக்கு இரண்டு நாள், மறு பாதிக்கு ஏழு நாள் படுக்கை ஓய்வு சொன்னார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை, ஏழு நாள் குழுவுக்கு வேலைநாட்கள் மட்டும் அதிகம் போயின. 1995இல் ஹெல்சின்கியில், முடிந்த அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்கள்தான் படுத்து ஓய்வெடுத்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். கடுமையாகப் பிடித்துக்கொண்ட முதல் ஓரிரு நாள் உடம்பு கேட்கிற அளவு படுங்கள். அப்புறம் எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் ஏதோ கிழிகிறது என்று பொருள் இல்லை. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். வலி மாத்திரை தேவைப்பட்டால், வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

நீண்ட நாள் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி நெறியில் உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மனம் சார்ந்த சிகிச்சை ஆகியவை பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும், ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மருந்துகளையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. எந்த உடற்பயிற்சி உசத்தி? ஒன்று மற்றதைவிடப் பெரிதாக மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுவே நல்லது. உட்காருவதிலும் அப்படித்தான். நேராக உட்கார்வதா சாய்ந்து உட்கார்வதா என்பதைவிட, ஒரே மாதிரி எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடந்தால் போதும். கட்டாந்தரையில் படுக்க வேண்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஸ்பெயினில் 313 பேரிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி உள்ள மெத்தையே வலியைக் குறைத்தது.

இவ்வளவு தைரியம் சொன்ன பிறகு, தாமதிக்கவே கூடாத நிலைமையையும் சொல்லியாக வேண்டும். தண்டுவடம் எல்1 அல்லது எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் கொத்தாகத் தொங்குகின்றன. பெரிய டிஸ்க் துண்டு ஒன்று இந்தக் கொத்தை மொத்தமாக நசுக்கினால், பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாய் பக்கமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போகும், சிறுநீர் கழிக்க முடியாமல் போகும் அல்லது தெரியாமல் கசியும், மலம் கட்டுப்படாது, இரண்டு கால்களும் பலமிழக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால்கூட நிரந்தரப் பாதிப்பு வரலாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணம் இல்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, விழுந்தபிறகோ விபத்துக்குப் பிறகோ வரும் வலி, நாளுக்கு நாள் பலம் குறையும் கால் ஆகியவற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

அந்த அவசர நிலை இல்லாத சயாட்டிகாவுக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை யோசிக்க அவகாசம் இருக்கிறது. நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் கால் வலியோடு இருந்த 283 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு உடனே அறுவை. இன்னொரு குழு காத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் அறுவை. உடனே செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி விரைவாகக் குறைந்தது. ஒரு வருட முடிவில் இரு குழுவும் ஒரே நிலையில் இருந்தன, இரண்டிலும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவை செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு அது தேவையே படவில்லை. வலியைப் பொறுக்க முடியாதவர், வேலைக்குச் சீக்கிரம் திரும்பியாக வேண்டியவர் முன்கூட்டியே செய்துகொள்வதில் தவறில்லை. பொறுக்க முடிகிறவர் காத்திருப்பதிலும் தவறில்லை. ஆனால் இந்த அறுவை நரம்பின் மேலிருக்கும் துண்டை எடுக்கிறது, அதனால் குறைவது கால் வலி. காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்காக யாராவது இதைப் பரிந்துரைத்தால், துண்டு எந்த நரம்பை அழுத்துகிறது, என் வலி அந்த நரம்பின் பாதையோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.